அமெரிக்கப் பல்கலைக்கழக ரெக் சென்டர்: புதிதாக வரும் தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரெக் சென்டர் என்பது மாணவர்களின் உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் வளாகத்திலேயே உள்ள கட்டடம். அதைப் பற்றி ஒவ்வோர் ஆகஸ்டிலும் வந்து இறங்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முப்பதாயிரம், ஐம்பதாயிரம் பேர் படிக்கும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்து எழுதியது. கட்டணமும் நேரமும் வளாகத்துக்கு வளாகம் மாறும். அவற்றை மட்டும் உங்கள் ரெக் சென்டர் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. ரெக் சென்டருக்குத் தனியா காசு கட்டணுமா? மாசம் எவ்வளவு?

பெரும்பாலும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். செமஸ்டர் பில்லைத் திறந்து டியூஷனுக்குக் கீழே வரும் கட்டாயக் கட்டணங்களைப் பாருங்கள். 'ரெக்ரியேஷன் ஃபீ' என்று ஒரு வரி இருக்கும், அல்லது 'ஸ்டூடன்ட் சர்வீசஸ்' போன்ற ஒரு பெரிய தொகைக்குள் அது கலந்திருக்கும். அந்தப் பக்கமே போகாவிட்டாலும் பணம் திரும்ப வராது. டியூஷன் தள்ளுபடி பெறும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இந்தக் கட்டணம் பல இடங்களில் தள்ளுபடி ஆவதில்லை. வெளியே தனியார் ஜிம்மில் சந்தா கட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எடைப் பயிற்சிக் கூடம், ஓடுதளம், நீச்சல்குளம், கோர்ட்டுகள் எல்லாம் இதில் அடங்கும். துண்டு வாடகை, செமஸ்டர் முழுக்க வைத்துக்கொள்ளும் லாக்கர், தனிப் பயிற்சியாளர் ஆகியவற்றுக்கு வழக்கமாகத் தனிக் கட்டணம். யோகா, ஸும்பா மாதிரியான குழு வகுப்புகள் சில வளாகங்களில் இலவசம், சில இடங்களில் செமஸ்டர் பாஸ். பாஸ் கேட்கும் இடங்களிலும் செமஸ்டரின் முதல் வாரத்தில் இலவசமாக விடுவதுண்டு. அந்த வாரத்திலேயே நான்கைந்து வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. ஸ்டேடியம் ஹாஸ்டலுக்குப் பக்கத்துலயே இருக்கு. உள்ள போய் ஓடலாமா? செக்யூரிட்டி விடமாட்டேங்கிறாரு.

பெரும்பாலும் முடியாது. ஒரே வளாகத்தில் இரண்டு தனித் துறைகள் இருக்கின்றன. அத்லெடிக்ஸ் துறை என்பது பல்கலைக்கழகத்தின் பெயரில் போட்டியிடும் வர்சிட்டி அணிகளுக்கானது. டிக்கெட், தொலைக்காட்சி உரிமை, நன்கொடை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பெரிய ஸ்டேடியங்களும் அந்தத் துறையுடையவை: மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 இருக்கைகள். ஓஹையோ ஸ்டேடியம் 1922இலிருந்து இருக்கிறது, அதிலும் ஒரு லட்சத்துக்கு மேல் உட்காரலாம். அந்தத் துறையின் பயிற்சிக்கூடங்கள், சாப்பாட்டுக்கூடங்கள், உடை மாற்றும் அறைகள் அந்த வீரர்களுக்கு மட்டுமே. ரெக் துறை சாதாரண மாணவர்களுக்கானது. உங்கள் கட்டணம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

சாதாரண மாணவருக்கென்று தனி ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் இங்கே பழையது. 1913இலேயே மிச்சிகனும் ஓஹையோ ஸ்டேட்டும் வளாகத்துக்குள் நடக்கும் போட்டிகளைக் கவனிக்கத் தனித் துறை வைத்தன. 1928இல் மிச்சிகன் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுப்பியது. 1950இல் நியூ ஆர்லியன்ஸில் உள்ள டிலார்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாசன் என்பவர் 11 கறுப்பினக் கல்லூரிகளின் பொறுப்பாளர்களைக் கூட்டினார். இன்று நாடு முழுக்க ரெக் துறைகளை இணைக்கும் நிர்ஸா அமைப்பு அந்தக் கூட்டத்தில் பிறந்தது.

வெளியில் உள்ள 400 மீட்டர் ஓடுதளத்தை மட்டும் சில வளாகங்களில் அணி பயிற்சி செய்யாத நேரத்தில் திறந்துவிடுவார்கள். கதவில் நேரப் பலகை இருக்கும். உள் தடங்களின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தால் அதை நகர்த்தாதீர்கள். எல்லாரும் முதல் தடத்திலேயே ஓடினால் அங்கே மட்டும் ரப்பர் தேய்ந்துபோகும் என்பதால் வைத்தது அது. வெளித் தடத்தில் ஓடும்போது கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். சர்வதேச அளவில் அமைத்த தளத்தில் முதல் தடம் 400 மீட்டர், இரண்டாவது 407, எட்டாவது 453. எட்டாவது தடத்தில் 11 சுற்று ஓடினாலே 5 கிலோமீட்டருக்கு 17 மீட்டர்தான் குறையும்.

3. முதல் நாள் என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஐடி கார்டு, பூட்டு, துண்டு, தண்ணீர் பாட்டில், உள்ளே மட்டும் போடுவதற்கென்று ஒரு ஜோடி ஷூ. ஷூவின் அடிப்பாகம் தரையில் கறுப்புக் கோடு போடாத வகையாக இருக்க வேண்டும். தெருவில் போட்ட ஷூவோடு மரத்தரைக் கோர்ட்டில் ஏறாதீர்கள். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் மணலும் ஷூவில் ஒட்டி வந்து தரையின் மேல்பூச்சைச் சுரண்டும். ஈரம் பட்ட இடத்தில் அடுத்து வருபவர் வழுக்கி விழுவார்.

ஜீன்ஸ் போட்டால் பல எடைக்கூடங்களில் திருப்பி அனுப்புவார்கள். அதிலுள்ள உலோகக் குமிழ்கள் பெஞ்சின் உறையைக் கிழித்துவிடும். செருப்புக்கும் அனுமதி இல்லை. எடைத் தகடு விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும்.

லாக்கர்களில் பெரும்பாலானவை அன்றாட உபயோகத்துக்கு. உங்கள் பூட்டைப் போடலாம், ஆனால் மூடும் நேரத்துக்குள் கழற்றிவிட வேண்டும். மறந்தால் பூட்டை வெட்டி, பொருளை எடுத்து வைப்பார்கள். லேப்டாப் உள்ள பையை பெஞ்சுக்குப் பக்கத்தில் விட்டு வைக்காதீர்கள். வளாகத்தில் திருட்டு அதிகம் நடக்கும் இடங்களில் ஜிம்மும் ஒன்று.

4. எப்பப் போனாலும் கூட்டம். எந்த நேரம் காலியா இருக்கும்?

திங்கள் முதல் வியாழன் வரை மாலை நான்கு முதல் எட்டு வரைதான் உச்சம். காலை திறந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, வெள்ளி மாலை, சனி இரவு ஆகியவை காலியான நேரங்கள். ஜனவரியில் செமஸ்டர் தொடங்கியதும் முதல் சில வாரம் எந்த நேரமும் நெரியும், பிப்ரவரியில் தானாகக் குறையும். பெரிய வளாகங்களில் இரண்டு மூன்று ரெக் கட்டடங்கள் இருக்கும். நடுவில் உள்ள பெரியதுக்கே எல்லாரும் போவதால், ஓரத்தில் உள்ள சின்னது பல நேரம் காற்றாடிக்கொண்டிருக்கும். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதைச் செயலியில் நேரலையாகக் காட்டும் வளாகங்களும் உண்டு.

5. எடை எல்லாம் பவுண்டுல இருக்கு. கிலோவுக்கு எப்படி மாத்தறது?

பவுண்டைப் பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 100 பவுண்டு என்றால் 50, அதில் 5 கழித்தால் 45 கிலோ. துல்லியமாக 45.4. இந்தக் கணக்கு போதும்.

தகடுகளை மாட்டும் நீள இரும்புத் தண்டான பார் 45 பவுண்டு, அதாவது 20 கிலோவைச் சற்றே தாண்டும். தகடுகள் 45, 35, 25, 10, 5, 2.5 பவுண்டு. பாரில் பக்கத்துக்கு ஒன்றாக 45 தகடு போட்டால் மொத்தம் 135 பவுண்டு, 61 கிலோ. இங்கே 'ஒரு பிளேட்' என்றால் இதுதான் பொருள், 'இரண்டு பிளேட்' என்றால் 225 பவுண்டு. புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு பாரின் எடையைக் கணக்கில் விடுவது. இன்னொன்று, தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினின் பாரையும் 45 என்று எண்ணிக்கொள்வது. பலவற்றில் எதிர் எடை இருப்பதால் தூக்கும் சுமை குறைவாக இருக்கும். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஒலிம்பிக் தூக்கல் மேடையில் வண்ண ரப்பர் தகடுகள் கிலோவில் இருக்கலாம்: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10.

6. தனியா ஸ்குவாட், பெஞ்ச் பண்ணலாமா? பார் மேல விழுந்தா?

ரேக்கில், அதாவது பாரைத் தாங்கும் சட்டத்தில், இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பிகள் இருக்கின்றன. சட்டத்திலுள்ள துளைகளில் அவற்றை ஏற்றி இறக்கலாம். அவற்றைச் சரியான உயரத்தில் வைத்தால் தனியாகவும் செய்யலாம். ஸ்குவாட்டுக்கு, நீங்கள் முழுதாக உட்காரும்போது பார் வரும் இடத்துக்கு ஒரு துளை கீழே. பெஞ்ச் பிரஸ்ஸுக்கு, முதுகை வளைத்து நெஞ்சை நிமிர்த்தும்போது பார் நெஞ்சைத் தொடலாம், ஆனால் முதுகைத் தட்டையாக்கினால் கம்பியில் உட்கார வேண்டும். எடை போடும் முன் வெறும் பாரோடு ஒரு முறை படுத்துப் பார்த்தே இதை முடிவு செய்யுங்கள். கண்ணால் அளந்தால் ஒரு துளை தப்பும், அந்த ஒரு துளையில்தான் கழுத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

கம்பி இல்லாத பெஞ்சில் கனமாகத் தூக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் 'ஸ்பாட்' கேளுங்கள், அதாவது முடியாமல் போனால் பாரைப் பிடித்துத் தூக்கிவிடச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவரிடம் கேட்பது இங்கே சாதாரணம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். எத்தனை தடவை தூக்கப்போகிறீர்கள், எப்போது கை வைக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு முனையிலும் கிளிப் மாட்டுவது கட்டாயம். ஒரு பக்கத் தகடு நழுவினால் பார் மறுபக்கமாகக் கவிழ்ந்து பக்கத்தில் நிற்பவரை அடிக்கும். தகடுகளைக் கழற்றும்போதும் இரு பக்கமும் மாறி மாறிக் கழற்றுங்கள்.

7. ஒருத்தர் வந்து 'கேன் ஐ வொர்க் இன்?'னு கேட்டாரு. எனக்குப் புரியல, தலையாட்டிட்டேன்.

நீங்கள் இளைப்பாறும் இடைவெளியில் அதே இயந்திரத்தில் அவர் ஒரு சுற்று செய்துகொள்ளட்டுமா என்று கேட்கிறார். தலையாட்டியது சரிதான். நீங்களும் அப்படிக் கேட்கலாம். மூன்று சுற்றுக்கு மேல் பாக்கி இருந்தால் சேர்த்துக்கொள்வதுதான் முறை. முடித்ததும் தகடுகளை அதனதன் இடத்தில் வைத்து, உடம்பு பட்ட இடத்தைச் சுவரில் உள்ள கிருமிநாசினித் தாளால் துடைத்துவிட்டுப் போங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் போகிறவரைத்தான் இங்கே எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

8. ஷட்டில் விளையாட தனி கோர்ட் இருக்கா? ஒரே கோடு கோடா இருக்கு, எது நம்மளது?

தனிக் கோர்ட் அபூர்வம். கூடைப்பந்துக் களத்தின் மீதே வாலிபால், பாட்மின்டன் கோடுகளை வெவ்வேறு நிறத்தில் போட்டிருப்பார்கள். கூடைப்பந்துக் களம் 28.65 மீட்டர் நீளம், 15.24 அகலம். பாட்மின்டன் கோர்ட் 13.40க்கு 6.10. அதனால் அதைக் குறுக்குவாட்டில் திருப்பி, ஒரு களத்தில் மூன்று வரை போடலாம். எந்த நிறம் என்று தெரியாவிட்டால் அகலத்தை அளந்து பாருங்கள். இரட்டையர் கோடு 6.10, ஒற்றையர் 5.18. வாலிபால் 9 மீட்டர் என்பதால் குழப்பம் வராது.

கம்பமும் வலையும் முன்மேசையில் ஐடி கார்டைக் கொடுத்தால் கிடைக்கும், அல்லது அலுவலர் வந்து பொருத்துவார். வலையின் நடு உயரம் 1.524 மீட்டர், கம்பத்தில் 1.55. பழைய வலைகள் நடுவில் தொய்ந்து கிடக்கும், கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். மட்டையும் நைலான் பந்தும் இரவல் தருவார்கள். இறகுப் பந்து உங்களுடையது. குளிர்காலத்தில் சூடேற்றிய உள்காற்று மிக உலர்ந்து, இறகுகள் இரண்டு ஆட்டத்தில் முறிந்துவிடும். முந்தின இரவே குழாயின் இரு மூடியையும் திறந்து, கொதிக்கும் தண்ணீரின் ஆவியைச் சில விநாடி உள்ளே செலுத்தி மூடி வைத்தால் இறகு துவண்டு நீடித்து உழைக்கும். திறந்த ஆட்ட நேரங்கள் வாரம் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பாட்மின்டன் கிளப்பில் சேருவதே வழி (10ஆம் கேள்வி).

9. கிரிக்கெட் ஆட விடுவாங்களா?

டென்னிஸ் பந்தென்றால் பல இடங்களில் விடுவார்கள், தோல் பந்தென்றால் கட்டடத்துக்குள் கிடையாது. உள்ளே ஆட ஏற்ற இடம் மூலைகள் வளைந்து, சுற்றிலும் பலகைத் தடுப்பு உள்ள பல்நோக்குக் கோர்ட். பந்து வெளியே ஓடாது. வெளியே ரெக் துறையின் செயற்கைப் புல் திடல்கள் உண்டு, இரவு விளக்கும் இருக்கும். ஆனால் மாலை நேரம் இன்ட்ராமுரல் (வளாகத்துக்குள் மாணவர் அணிகள் ஆடும்) கால்பந்துக்குப் போய்விடும். பதிவு பெற்ற மாணவர் சங்கத்தின் பெயரில் முன்பதிவு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். செயற்கைப் புல்லில் டென்னிஸ் பந்து தாழ்ந்து வழுக்கி வரும். ஊரில் சிமெண்டுத் தரையில் ஆடிய கணக்கில் பின்காலில் நின்றால் பந்து கணுக்காலுக்குக் கீழே புகுந்துவிடும்.

தோல் பந்து ஆட விரும்புகிறவர்கள் வளாகத்தின் கிரிக்கெட் கிளப்பைத் தேடுங்கள். 2009இல் தொடங்கிய அமெரிக்கன் காலேஜ் கிரிக்கெட் போன்ற அமைப்புகள் பல்கலைக்கழக அணிகளுக்கிடையே போட்டி நடத்துகின்றன.

10. இன்ட்ராமுரல், கிளப், வர்சிட்டி... மூணுக்கும் என்ன வித்தியாசம்? நான் எதுல சேரலாம்?

வர்சிட்டி பற்றி 2ஆம் கேள்வியில் சொன்னோம். பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கும் அணி அது. கிளப் என்பது மாணவர்களே நடத்துவது. வாரம் இரண்டு மூன்று பயிற்சி, மற்றப் பல்கலைக்கழகங்களோடு போட்டி, ஆண்டுச் சந்தா. தொடக்கநிலை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளும் கிளப்புகள் நிறைய. இன்ட்ராமுரல் வளாகத்துக்குள்ளேயே நடப்பது. பயிற்சி கிடையாது, வாரம் ஒரு ஆட்டம், நான்கைந்து வாரத்தில் முடிந்துவிடும். புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இன்ட்ராமுரலில் சேர: பதிவு செய்யும் தளத்தில் பல்கலைக்கழக மின்னஞ்சலால் கணக்கு தொடங்கி, ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பிரிவைத் தேர்வு செய்யுங்கள். போட்டிப் பிரிவு, பொழுதுபோக்குப் பிரிவு, ஆணும் பெண்ணும் கலந்த கோ-ரெக் பிரிவு என்று இருக்கும். அணி இல்லையென்றால் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று பதியுங்கள், ஆள் குறையும் அணி உங்களை எடுத்துக்கொள்ளும். பல ஆட்டங்களுக்குப் பதிவு செமஸ்டரின் தொடக்க வாரங்களிலேயே முடிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். 'மிட்டெர்ம் முடியட்டும், பார்க்கலாம்' என்று இருப்பவர்களுக்கு அந்த செமஸ்டர் போச்சு.

அணித் தலைவர்கள் தடுக்கி விழும் இடம் ஆட்டத்துக்கு வராமல் போவது. குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை நேரத்துக்கு வராவிட்டால் தோல்வி, பல இடங்களில் அபராதமும் உண்டு, இரண்டு முறை ஆனால் அணியே நீக்கப்படும். முந்தின நாள் தெரிந்தால் தளத்தில் முன்னறிவிப்புக் கொடுங்கள், அபராதம் தப்பும். நடுவரும் உங்களைப் போன்ற மாணவர்தான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவர் அணிக்கு நடத்தை மதிப்பெண் போடுவார். அது குறைந்தால், எல்லா ஆட்டமும் ஜெயித்திருந்தாலும் நாக்-அவுட் சுற்றுக்குப் போக முடியாது.

11. பூல்ல நீந்த என்ன டிரஸ் போடணும்? லெக்கிங்ஸ், டி-ஷர்ட் போட்டு இறங்கலாமா?

உடம்பை முழுக்க மூடும் நீச்சலுடை போடலாம், அதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. பிரச்சினை துணியின் அளவில் இல்லை, வகையில் இருக்கிறது. பருத்தி கூடாது. அது நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், தண்ணீர் குடித்துக் கனத்து நீந்துபவரையும் கீழே இழுக்கும். பாலியெஸ்டர் அல்லது நைலானில் தைத்த முழுக்கை மேலாடையும் நீள நீச்சல் கால்சட்டையும் கடைகளில் கிடைக்கும். பெண்களுக்கு மட்டுமான நேரம் ஒதுக்கும் வளாகங்களும் உண்டு. உங்கள் இடத்தில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் அலுவலகம் காதுகொடுக்கும்.

இறங்கும் முன் ஒரு நிமிடமாவது குளியுங்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் ஆகின்றன. கண்ணை எரிக்கும் அந்த நெடி அதனுடையதுதான், குளோரின் அதிகமானதால் வருவதல்ல. வயிற்றுப்போக்கு இருக்கும்போது குளத்தில் இறங்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் வந்தது என்று தெரிந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் விலகியிருக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீரிலும் அது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

12. ஒரு லேன்ல மூணு பேர் நீந்தறாங்க, எப்படி உள்ள போறது? எத்தனை லெங்த் அடிச்சா ஒரு கிலோமீட்டர்?

தடத்தில் இருவர் இருந்தால் ஆளுக்கொரு பக்கம். மூன்றாவது ஆள் வந்தால் வட்டமாக நீந்துவார்கள், எப்போதும் வலப்பக்கமாகவே, நம்மூர்ச் சாலைக்கு நேர்மாறாக. திடீரென்று குதித்துவிடாதீர்கள். தடத்தின் முனையில் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்கள் உங்களைப் பார்த்ததும் சைகை காட்டி இறங்குங்கள். முனையில் ஓய்வெடுக்கும்போது மூலையில் ஒதுங்கி, திரும்புகிறவர் சுவரைத் தொட நடுவில் இடம் விடுங்கள்.

அமெரிக்கக் குளங்கள் பெரும்பாலும் 25 யார்டு, அதாவது 22.86 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 44 நீளம். 25 மீட்டர்க் குளமென்றால் 40. பல வளாகங்களில் 50 மீட்டர்க் குளத்தின் நடுவே நகரும் பாலம் வைத்து, நாளுக்கு நாள் நீளத்தை மாற்றுவார்கள். நேற்றைய நேரத்தோடு இன்றையதை ஒப்பிடும் முன் பாலம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீச்சலே தெரியாதவர்களுக்கு, பெரியவர்களுக்கான தொடக்க வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் நடக்கும். இருபத்தைந்து வயதில் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

13. லாக்கர் ரூம்ல எல்லாரும் அப்படியே டிரஸ் மாத்தறாங்க. எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கு.

அது அவர்கள் பழக்கம். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. புதிய கட்டடங்களில் கதவு பூட்டிக்கொள்ளும் தனி அறைகள் 'யுனிவர்சல்' அல்லது 'ஃபேமிலி' என்ற பெயரில் இருக்கும், குளியலும் உள்ளேயே. குளியலறையில் ரப்பர்ச் செருப்பு போடுங்கள், பாதப் படை அங்கேதான் தொற்றும். உடை மாற்றும் இடத்தில் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். அம்மாவிடம் வீடியோ காலில் பேசினாலும் அங்கே அது கடும் விதிமீறல்.

14. பனிக்காலத்துல எங்க ஓடறது? உள்ள இருக்கற டிராக்ல ஒரு ரவுண்டு எவ்வளவு தூரம்?

கட்டடத்துக்குள் கோர்ட்டுகளுக்கு மேலே பால்கனி போலச் சுற்றிவரும் ஓடுதளம் இருக்கும். 400 மீட்டர் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டுச் சுற்று ஒரு மைல் என்று சுவரில் எழுதியிருந்தால், ஒரு சுற்று 201 மீட்டர், 5 கிலோமீட்டருக்கு 25 சுற்று. பத்துச் சுற்று ஒரு மைல் என்றால் 31. எந்தத் தடத்துக்கான கணக்கு என்பதும் அதே பலகையில் இருக்கும். கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் கடிகாரம் காட்டும் தூரத்தை நம்ப வேண்டாம்.

நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் தனித் தடங்கள். ஓடும் திசை நாளுக்கு நாள் மாறும், நுழையும் இடத்தில் அம்புக்குறி காட்டும். குறுகிய வளைவில் எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு காலின் முழங்காலும் இடுப்பும் மட்டும் சுமையைத் தாங்கும். அதைச் சமன் செய்யவே இந்த ஏற்பாடு. பழக்கதோஷத்தில் எதிர்த்திசையில் ஓடினால் மோதல்தான்.

15. மழையே இல்ல, தூரத்துல ஒரு இடி. அதுக்குப் போய் மேட்சை நிறுத்திட்டாங்களே?

இடி கேட்கும் தூரத்தில் இருந்தால் மின்னல் தாக்கும் தூரத்திலும் இருக்கிறீர்கள். மழைக்கு வெளியே பல மைல் தள்ளியும் அது விழும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே திடலுக்குத் திரும்பலாம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து 30. மரத்தடியிலும் திறந்த கொட்டகையிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

16. கிளைம்பிங் வால் ஏறணும்னு ஆசை. அனுபவம் இல்லாம விடுவாங்களா?

விடுவார்கள். கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறும் போல்டரிங்குக்கு ஒரு சிறு அறிமுகம் போதும். அதில் அடிபடுவது பெரும்பாலும் விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவதால். முழங்காலை மடக்கி இரண்டு பாதத்திலும் இறங்கி, அப்படியே முதுகில் உருளுங்கள், கைகள் நெஞ்சோடு இருக்கட்டும். கயிற்றோடு ஏற, கீழே நின்று கயிறு பிடிப்பவர் 'பிலே' தேர்வில் தேறியிருக்க வேண்டும். எட்டு வடிவ முடிச்சு போடுவது, கயிற்றின் கீழ்ப்பக்கத்தைக் கை ஒரு கணமும் விடாமல் இழுப்பது, ஏறும் முன் இருவரும் ஒருவர் மாட்டியதை மற்றவர் சோதிப்பது ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஒரு மாலை வகுப்பில் கற்றுவிடலாம். தானியங்கிக் கயிறு உள்ள சுவரில் ஆபத்து ஒன்றுதான்: மாட்ட மறந்துவிட்டு ஏறுவது. தரையை விட்டுக் காலை எடுக்கும் முன் இடுப்பைப் பாருங்கள்.

17. விளையாடும்போது அடிபட்டா யார் செலவு? ஃபீஸ் கட்டியிருக்கோமே!

உங்கள் மருத்துவக் காப்பீடுதான். முதல் முறை உள்ளே போகும்போதோ இன்ட்ராமுரலில் பதியும்போதோ நீங்கள் ஒப்புக்கொண்ட படிவம் இதைத்தான் சொல்கிறது. ரெக் அலுவலர்கள் முதலுதவி செய்வார்கள், பனிக்கட்டிப் பை தருவார்கள், இதயத்துடிப்பு மீட்கும் ஏஇடி கருவி ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கும். அதற்குப் பிறகான செலவு காப்பீட்டின் வழியாக.

சுளுக்கு, சிராய்ப்பு என்றால் முதலில் வளாக மருத்துவ மையம். அது மூடியிருந்தால் உங்கள் காப்பீட்டு வலையமைப்பில் உள்ள அர்ஜென்ட் கேர், அதாவது உயிராபத்து இல்லாத காயங்களுக்கான உடனடிச் சிகிச்சை மையம். அவசரப் பிரிவுக்கு அதைவிடப் பலமடங்கு ஆகும். ஆனால் தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் செலவை யோசிக்காமல் 911 அழையுங்கள். அலுவலரிடம் விபத்து அறிக்கை எழுதச் சொல்லுங்கள், பிறகு காப்பீட்டு நிறுவனம் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது அது உதவும்.

18. ரெக் சென்டர்ல வேலை கிடைக்குமா? எஃப்-1 மாணவர் விசாவுல செய்யலாமா?

செய்யலாம். பல்கலைக்கழகமே சம்பளம் தரும் வளாக வேலை என்பதால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. எல்லா வளாக வேலைகளும் சேர்த்துத்தான் அந்த 20. முழு டிஏ, ஆர்ஏ (கற்பித்தல், ஆராய்ச்சி உதவியாளர்) பொறுப்பு ஏற்கெனவே 20 மணி என்றால், வாரம் இரண்டு மணி நேரம் நடுவராக நிற்பதும் விசா விதியை மீறுவதாகும். கோடையிலும் நீண்ட விடுமுறையிலும் இந்த வரம்பு தளரும்.

முன்மேசை, உபகரண அறை, இன்ட்ராமுரல் நடுவர் ஆகியவற்றுக்கு முன் அனுபவம் கேட்கமாட்டார்கள், நடுவர் பயிற்சியை அவர்களே தருவார்கள். உயிர்காப்பாளர் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். அதன் தேர்வில் கையை உபயோகிக்காமல் இரண்டு நிமிடம் நீரில் மிதப்பதும், ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு கல்லை எடுத்து வருவதும் உண்டு. ஆட்கள் எடுப்பது ஆகஸ்ட், ஜனவரித் தொடக்கத்தில்.

19. வெளியில ஒருத்தர் கேட்டாரு, ஜிம்ல அவருக்கு ட்ரெயின் பண்ணா காசு தரேன்னு. வாங்கலாமா?

வேண்டாம். இரண்டு தனித்தனிக் காரணங்கள். ரெக் சென்டருக்குள் கட்டணம் வாங்கிப் பயிற்சி தர அவர்கள் நியமித்தவருக்கு மட்டுமே உரிமை. பிடிபட்டால் நுழைவு உரிமை போகும். அதைவிடப் பெரியது விசா. இது பல்கலைக்கழகம் தரும் வேலை அல்ல, அனுமதியில்லாத வெளிவேலை. பணமாக வாங்கினாலும், ஆப் வழியாக வாங்கினாலும் அப்படியேதான். பயிற்சியளிப்பதில் ஆர்வமென்றால் சான்றிதழ் எடுத்து ரெக் துறையிலேயே விண்ணப்பியுங்கள், 18இல் சொன்ன வரம்புக்குள் அது வரும்.

20. மனைவி எஃப்-2ல வந்திருக்காங்க, அப்பா அம்மா ரெண்டு மாசம் வராங்க. அவங்களையும் கூட்டிட்டுப் போகலாமா? என் ரூம்மேட் கார்டைக் கொடுத்தா?

கணவன் அல்லது மனைவிக்குத் துணைவர் உறுப்பினர் அட்டை உண்டு. திருமணச் சான்றிதழும் கடவுச்சீட்டும் கேட்பார்கள். மாதக்கணக்கில் வாங்குவதைவிட ஆண்டுக்கு வாங்குவது மலிவு. பெற்றோருக்கு நாள் விருந்தினர் பாஸ், நீங்கள் கூடவே இருக்க வேண்டும். காலையில் உள் ஓடுதளத்தில் நடக்க வருபவர்களுக்கு இது தாராளமாகப் போதும். பெரியவர்களுக்குப் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும் பயமில்லாமல் நடக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. குழந்தைகளுக்கு வார இறுதியில் குடும்ப நேரம் இருக்கும்.

அறைத்தோழர் கார்டு கூடாது. கார்டைத் தட்டியதும் மேசையில் இருப்பவர் திரையில் புகைப்படம் வரும். பிடிபட்டால் கார்டைப் பறிப்பார்கள், கொடுத்தவர், வாங்கியவர் இருவர் பெயரும் மாணவர் ஒழுங்கு அலுவலகத்துக்குப் போகும்.

21. மே மாசம் வரைக்கும் கார்டு வேலை செஞ்சுது, ஜூன்ல சிவப்பு விளக்கு எரியுது. ஏன்? ஓபிடி-ல இருந்தா என்ன?

கோடையில் பாடம் எடுக்கவில்லையென்றால் அந்தப் பருவத்துக்கான கட்டணம் உங்கள் பில்லில் விழுவதில்லை, அதனால் உரிமையும் நின்றுவிடுகிறது. வசந்த செமஸ்டரில் படித்து, இலையுதிர் செமஸ்டருக்கும் பதிவு செய்திருந்தால், மாணவர் விலையில் கோடைப் பாஸ் தருவார்கள். சில இடங்களில் இலவசமாகவே நீட்டிப்பார்கள். வளாகத்தில் கோடை ஆர்ஏ வேலை இருந்தால் ஊழியர் உறுப்பினராகச் சேர முடியுமா என்றும் கேளுங்கள். எது மலிவோ அது.

ஓபிடியில் (படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை செய்யத் தரும் அனுமதியில்) விசா நிலை எஃப்-1 ஆகவே இருந்தாலும் நீங்கள் பதிவு பெற்ற மாணவர் இல்லை, கட்டணமும் கட்டுவதில்லை. முன்னாள் மாணவர் உறுப்பினர் அட்டைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு முடிந்த சில மாதங்களுக்குள் சேர்ந்தால் குறைந்த விலை தரும் வளாகங்கள் உண்டு, பட்டம் வாங்கும் மாதமே விசாரித்து வையுங்கள். செமஸ்டர் லாக்கர் எடுத்திருந்தால் அதன் கடைசித் தேதி கார்டு நிற்கும் தேதிக்கு முன்பே வரும். ஷூவையும் மட்டையையும் அதற்குள் எடுத்துவிடுங்கள்.